ரிசைனுக்கு அடுத்த பக்கம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியபோது தமிழ் வரவில்லை, இங்கிலீஷ்தான் முதலில் வந்தது. இதைச் சொன்னால் திண்டுக்கல்லில் யாரும் நம்புவதில்லை. "அதெப்படிக்கா, அவரு என்ன லண்டன்லயா பெறந்தாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அவர் பிறந்தது தாடிக்கொம்புக்குப் பக்கத்தில். நானும் அங்கேதான். என் அத்தை மகன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறும் என் அப்பாவின் சம்பங்கித் தோட்டமும்தான் இருந்தன.

அவர் ஊருக்குள் ஓர் உதவிபெறும் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். இருபது வருஷத்துக்கு மேல் அதே பள்ளி, அதே பாடம். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் பாஸானது எனக்கே ஆச்சரியம். கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பேரு இருக்காங்கள்ல, அங்க போயி நடத்துங்க" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பது என் வேலை. ஒரே மகள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் ரேசர் தரையில் கிடக்கிறது. அவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். முகத்தில் ஒரு பாதி நுரை, ஒரு பாதி சுத்தமாக இருந்தது. வலது பக்கத்து வாய் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. "என்னங்க, என்ன பண்ணுது?" என்று பிடித்தேன். அவர் எனக்குப் பதில் சொன்னார். சொன்னது எந்தப் பாஷையும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால், தான் சரியாகத்தான் பேசுகிறோம், இவளுக்குத்தான் விளங்கவில்லை என்று நினைப்பது போல இருந்தது.

இங்கே முதலுதவி, அப்புறம் மதுரை. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வலது கால் கம்பு பிடித்து நடக்கிற அளவுக்கு வந்திருந்தது. வலது கையில் விரல் மடங்கியது, பிடி இல்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. 'அதான்.' தண்ணீர் வேண்டும் என்றாலும் அதான், ஃபேனை நிறுத்து என்றாலும் அதான். மகள் வந்து கையைப் பிடித்து அழுதபோதும் அவள் தலையைத் தடவி, "அதான்... அதான்" என்றார்.

வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் பஸ்ஸில் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். பயிற்சி கொடுத்தது சின்ன வயசுப் பெண்தான். ஆனால் பேச்சில் ஒரு நிதானம் இருந்தது. முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, சாருக்குப் புத்தி கொஞ்சமும் மங்கல. நீங்க பேசுறதும் பெரும்பாலும் புரியுது. சொல்ல வேண்டியது உள்ள இருக்கு, எடுத்துட்டு வர்ற வழிதான் அடைஞ்சு போயிருக்கு. அதனால அவரைக் குழந்தை மாதிரி நடத்தாதீங்க. அவர் முன்னாடியே அவரைப் பத்தி அடுத்தவங்ககிட்ட பேசாதீங்க."

"எப்ப சரியாகும்மா?"

"எம்புட்டுத் தூரம் வரும்னு என்னால சொல்ல முடியாதுக்கா. ஆனா முயற்சிய நிறுத்துனா அங்கேயே நின்னுரும்."

கொடைரோடு தாண்டித் திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய வலது கையை என் மடியில் வைத்து விரல்களை நீவிக்கொண்டே வந்தேன். நிறுத்துவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. அது இருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவர், "கெட்டில்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெளிவான சொல். ஆனால் எங்கள் வீட்டில் கெட்டில் என்று ஒரு சாமானே கிடையாது. டீ கேட்கிறாரோ என்று டீ கொடுத்தேன். தள்ளிவிட்டார். வெந்நீர் வைத்தேன். "கெட்டில்! கெட்டில்!" என்று கம்பால் தரையைத் தட்டினார். நெற்றி நரம்பு புடைத்தது. எனக்கு அழுகை வந்தது. என்னமோ தோன்றி, அவருடைய மேஜையில் இருந்த இங்கிலீஷ்-தமிழ் அகராதியை எடுத்தேன். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது, அட்டை பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது. கே, ஈ, டி என்று விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தேன். "கெட்டில். தண்ணீர் கொதிக்க வைக்கும் மூக்குப் பாத்திரம். இதுதானே கேக்குறீங்க? நம்ம வீட்டுல இல்லையே!"

அவர் குனிந்து பார்த்தார். பிறகு இடது கை ஆட்காட்டி விரலைப் பக்கத்தில் ஊன்றி, மெதுவாகக் கீழே நகர்த்தினார். அடுத்து இருந்த சின்னச் சொல்லின் மேல் நிறுத்தினார். மூன்று எழுத்து. கீ. சாவி.

"சாவியா? எந்தச் சாவிங்க?"

வாசல் பக்கம் கையைக் காட்டினார். அவருடைய ஸ்கூட்டர், அவர் படுத்த நாளிலிருந்து அப்படியே தூசி படிந்து நின்றது. சாவியை எடுத்துப் போய் ஸ்டார்ட் செய்தேன். இருமி இருமி ஒருவழியாக எஞ்சின் ஓடியது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பேட்டரி செத்துவிடக் கூடாது என்கிற கவலைதான் அவ்வளவு நேரமும். ஒரு மனுஷன் ஒரு சின்னக் கவலையைச் சொல்ல எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று வருத்தமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷம். வழி இருக்கிறது.

அடுத்த வாரம் மதுரையில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிலருக்கு வீட்டில் பேசின பாஷைக்கு முன்னால் படித்து வந்த பாஷை எட்டிப் பார்ப்பது உண்டு என்றாள். சொல்ல நினைத்த சொல்லின் ஆரம்ப ஓசை சரியாக வந்து, முடிவு வேறு சொல்லுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். ஆரம்ப எழுத்து ஒன்றாக இருந்தால் அகராதியில் அந்த இரண்டு சொல்லும் அக்கம்பக்கத்தில் கிடக்கத்தானே செய்யும்!

"நல்ல வழிதான்க்கா. ஆனா ஒண்ணு. அவர் வாயில நீங்க சொல்லைத் திணிச்சிரக் கூடாது. ஒரு சொல்லுக்குத் தலையாட்டுனா, வேற வரிசையில மாத்திப் படிச்சு மறுபடியும் கேளுங்க. 'இதுல எதுவுமே இல்லையா'ன்னும் கேளுங்க. அதையும் சொல்ல அவருக்கு உரிமை இருக்கணும்."

அன்றிலிருந்து அகராதி சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது சாப்பிட உட்கார்ந்தவர் அவளைப் பார்த்து, "சல்யூட்" என்றார். அவள் விளையாட்டு என்று நினைத்து எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் பக்கத்தைப் பிரித்து மேலே ஏறிப் போனேன். சில வரிக்கு மேலே சால்ட். உப்பு. ரத்தக் கொதிப்புக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். "அது மட்டும் கெடையாதுங்க" என்று அகராதியை மூடினேன். அவர் என்னை முறைத்தார். கண்டுபிடித்ததற்குப் பிறகும் கிடைக்கவில்லை என்கிற கோபம் அது. மகள் சிரித்தாள், அப்புறம் அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு நாள் சாயங்காலம், "மாஸ்க்" என்றார். முகத்தில் போடுகிற மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். வீசிவிட்டார். எம், ஏ, எஸ், கே பார்த்தேன். மேலே கீழே எதுவும் பொருந்தவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். "அம்மா, பள்ளிவாசலுக்கும் இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எழுத்து வேற. எம், ஓ, எஸ், கியூ" என்றாள். பேகம்பூர்ப் பக்கம் பாங்கு சொல்லி முடித்த நேரம்தான் அது. அதைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே தேடினேன். பள்ளிவாசலுக்கு நேர் கீழே கொசு. மஸ்கிட்டோ. அவருடைய கால் முழுக்கத் தடிப்புத் தடிப்பாக இருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தேன். ஜன்னலைச் சாத்திச் சுருள் கொளுத்தி வைத்தேன்.

எல்லா நாளும் இப்படி நல்லபடியாக முடிந்ததாக எழுதினால் அது பொய். முக்கால்வாசி நாள் தேடிய சொல் எந்தப் பக்கத்திலும் இருக்காது. மேலும் கீழுமாகப் படித்துப் படித்து என் தொண்டை வறண்டுவிடும். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். ஒரு தடவை அகராதியைத் தட்டிவிட்டார், முதுகு பிய்ந்து இரண்டாகிவிட்டது. ரவிக்கைக்கு உள்துணி தைக்கிற கனமான நூலை வைத்து அதைக் கோத்துத் தைத்தேன். தைத்து முடித்து மறுபடியும் அவர் முன்னால் வைத்து, "இப்ப சொல்லுங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. அவர் திரும்புகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அர்த்தம் தெரியாமல் தேடுவதால்தான் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தெரிந்தது. ஆகவே முதல் எழுத்திலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். பகலில் மெஷினுக்குப் பக்கத்தில் அகராதியை விரித்து வைத்து, ஓரம் அடிக்கிற நேரத்தில் ஒரு சொல், ஊக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சொல். பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரி இதில் கதையும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. மதுரை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்கள் மாதிரி. கல்யாணத்துக்குப் போகிறவரும் சாவு வீட்டுத் துட்டிக்குப் போகிறவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருவார்கள். ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக, அந்த இடிபாட்டில்தான் அர்த்தமே மனசில் தங்குகிறது என்று கண்டேன். என் தொழிலுக்குரிய சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் தேடினேன். டெய்ல், வால். டெய்லர், தையற்காரர். டெய்ன்ட், கறை. அவரிடம் போய், "உங்க அகராதியில எனக்கு மேல வாலு, கீழ கறை. நல்ல எடமாப் பாத்து உக்கார வச்சிருக்காங்க" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா, என் மதினி, ஊரிலிருந்து பார்க்க வந்தார். கூடவே சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர். மதினிக்குத் தம்பி என்றால் உயிர். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துவிட்டு, ஊர்க்கதை எல்லாம் சொன்னார். பேச்சோடு பேச்சாக என்னைக் காட்டி, "எப்பு, இது யாருன்னு தெரியுதா உனக்கு? சொல்லு பாப்போம்" என்றார். குழந்தையைக் கேட்பது போல. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பெரியவர் என்று சும்மா இருந்தேன். இவர் என்னைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"விடோ" என்றார்.

வந்திருந்தவர்களில் ஒரு பெண் நர்ஸ் வேலை பார்க்கிறவள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "ஐயையோ" என்று வாயைப் பொத்தினாள். மதினி அவளை உலுக்கி அர்த்தம் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி மதினியின் காதோரம், "புருஷன் செத்துப்போனவளைச் சொல்றது" என்றாள். மதினி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். "என் தம்பிக்குத் தெரிஞ்சு போச்சே! அவன் வாயாலயே வந்துருச்சே!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். என் கணவர் ஒன்றும் விளங்காமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "விடோ... விடோ..." என்று என்னைக் காட்டிக் காட்டி மறுபடியும் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகைச் சத்தம் கூடியது.

நான் எழுந்து போய் அகராதியை எடுத்து வந்தேன்.

"மதினி, செத்த நேரம் அழுகாம இருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். விடோ, கைம்பெண். அவர் வேகமாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று. அந்த அர்த்தத்தைக் கேட்டதும் அவர் முகமே வெளுத்துவிட்டது. விட்த், அகலம். இல்லை. வீல்ட், கையாளு. இல்லை. அதற்கு அடுத்தது வைஃப்.

"வைஃப். மனைவி" என்றேன்.

அவர் கையை நீட்டி என் தலைமேல் வைத்தார். மதினி அழுகையை நிறுத்திவிட்டு என்னையும் அந்தப் புத்தகத்தையும் பார்த்தார். "ரெண்டும் ஒரே பக்கத்துலயா இருக்கு?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். "அந்தச் சொல்லுக்கு இந்தச் சொல்லு இம்புட்டுக் கிட்டயா இருக்கணும்?" என்றார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "விட்றாதடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடை விடுமுறையில் ஒரு முற்பகல் பள்ளியின் தலைமையாசிரியர் வந்தார். இவருக்கு ஒரு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். பல வருஷம் இருவரும் ஒரே அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவர்கள். ஆயக்குடிக் கொய்யாப்பழம் ஒரு பை வாங்கி வந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டே விஷயத்துக்கு வந்தார். மருத்துவ விடுப்பு முடியப் போகிறது. நிர்வாகத்தில் கேட்கிறார்கள்.

"உடம்பைக் காரணமாக் காட்டி விருப்ப ஓய்வு வாங்கிக்கலாம் சார். அதுல ஒரு குறையும் இல்ல. உங்களை யாரும் அலைக்கழிக்க மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன். உங்க விருப்பம் என்னன்னு சொல்லுங்க" என்று இவரையே பார்த்துக் கேட்டார். இவரிடமே கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெடுநேரம் முயன்றார். பிறகு தெளிவாக, "ரிசைன்" என்றார்.

தலைமையாசிரியர் கண் கலங்கிவிட்டது. "சரிங்க சார். உங்க மனசு எனக்குத் தெரியும்" என்று எழுந்து இவர் தோளைத் தொட்டார். இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "ரிசைன்! ரிசைன்!" என்று நாற்காலிக் கையில் அறைந்தார். வேர்த்துக் கொட்டியது. தலைமையாசிரியர் இதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். நான் அந்த முகத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவள். கெட்டில் என்றபோது இருந்த முகம் அது.

"சார், கொஞ்சம் உக்காருங்க. இவரு அதச் சொல்லல" என்றேன்.

"தெளிவாத்தானேம்மா சொன்னாரு?"

"வார்த்தை தெளிவுதான் சார். ஆனா அது பக்கத்து வார்த்தை."

அகராதியைக் கொண்டு வந்து, எங்கள் வீட்டு வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. படிக்கத் தொடங்கினேன். ரிசைன், பதவி விலகு. இல்லை என்று தலையசைத்தார். ரெசின், பிசின். இல்லை. ரெசிஸ்ட், எதிர்த்து நில். சற்று யோசித்தார், அப்புறம் இல்லை என்றார். ரிசால்வ், உறுதிகொள். இல்லை. ரெஸ்பெக்ட், மரியாதை. இல்லை. ரெஸ்ட் என்று படித்தபோது தலைமையாசிரியர் முன்னால் குனிந்து, "ஓய்வா சார்? அதைச் சொல்றீங்களா?" என்றார். இவர் கம்பை எடுத்துத் தரையில் தட்டினார். பக்கம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் இல்லை என்றால் என்ன செய்வது? பக்கத்தைத் திருப்பினேன். ரிஸ்டோர். ரிஸ்ட்ரிக்ட். ரிசல்ட். அதற்கு அடுத்து ஆர், ஈ, எஸ், யூ. எனக்குத் தெரியாத சொல். தமிழை மட்டும் படித்தேன்.

"விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கு."

அவர் கண்ணை மூடினார். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தலைமையாசிரியர் மெல்ல, "கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க வரிசையாப் படிச்சுக்கிட்டே போனா, எதுலயாவது தலையாட்டத்தானே செய்வாரு? நான் நாளைக்கு நிர்வாகத்துக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

கோபம் வரவில்லை. மதுரைப் பெண் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அகராதியை அவர் கையில் கொடுத்தேன். "அப்ப நீங்க படிங்க சார். உங்க இஷ்டத்துக்கு வரிசைய மாத்திப் படிங்க. தமிழ் வேணாம், இங்கிலீஷை மட்டும் படிங்க. நான் இங்க இருக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

போய்விட்டேனே தவிர, அங்கே நின்று என்ன செய்வதென்று தெரியவில்லை. காலிப் பாத்திரத்தை எடுத்துக் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று குழாயை மூடினேன். தலைமையாசிரியரின் குரல் வகுப்பில் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது. ரிசல்ட். ரெசிடென்ட். ரெஸ்ட். இவர் பக்கத்திலிருந்து ஒன்றும் இல்லை. ரிசைன். "நோ" என்றார் இவர். அந்த 'நோ'வை நான் அதுவரை கேட்டதில்லை. ரெஸ்பான்ட். ரிசார்ட். மறுபடியும் ரெஸ்ட். "நோ." அப்புறம் அவர் கொஞ்சம் இடைவெளி விட்டு, சாதாரணமான குரலில், "ரிஸ்யூம்" என்றார்.

நாற்காலிக் கையில் உள்ளங்கை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இவருடைய குரல். "ரி... ரிசை..." நின்றது. மூச்சு வாங்கியது. "ரிசை... ரிஸ்யூம்."

நான் ஓடி வந்தேன். இரண்டு ஆண்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"நான் பாட்டுக்குப் போயி தப்பாச் சொல்லியிருப்பேனே" என்று தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் ஆறிய பிறகு, "ஆனா அம்மா, ஆசைப்படறது வேற. கிளாஸ்ல நிக்கணும், பேசணும்" என்றார்.

"நிக்கறதுக்கு என்னென்ன செய்யணும்னு சொல்லுங்க சார். அதச் செஞ்சிருவோம்" என்றேன்.

அவர் சொன்னார். டாக்டர் சான்றிதழ் வேண்டும். முதல் வருஷம் வகுப்பு கிடையாது, நூலகமும் விடைத்தாள் திருத்துவதும்தான். அதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பு என்றார். சம்மதிக்க வைக்க அவர் பட்ட பாட்டைப் பிறகு வேறு ஆசிரியர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

நான் ஒரு கரும்பலகை வாங்கி முன்னறைச் சுவரில் மாட்டினேன். ரவிக்கை தைக்க வருகிற பெண்கள் டியூஷன் ஆரம்பித்துவிட்டேனா என்று கேட்டார்கள். அவர் இடது கையால் எழுதிப் பழகினார். முதலில் ஒவ்வொரு வரியும் மழைத்தண்ணீர் மாதிரி கீழே ஓடியது. நான் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோட்டின் மேலேயே எழுதினார். பிறகு கோடு இல்லாமலும் நேராக வந்தது. நான்தான் வகுப்பு. அவர் ஆறாம் வகுப்புப் பாடத்தை ஒவ்வொரு வாக்கியமாக வாசிப்பார், நான் கேள்வி கேட்பேன். தடுக்கி விழுகிற சொல்லைத் தாண்டிப் போகச் சொல்லமாட்டேன். அவரும் தாண்டமாட்டார். எனக்குப் புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வேண்டுமென்றே கேட்பதாக நினைத்து என்னைத் திட்டுவார். ஒரு நாள் அப்படித் திட்டும்போது, "உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?" என்று முழுசாகத் தமிழில் வந்தது. இருவரும் வாயைப் பிளந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகளுக்குப் போன் போட்டு அந்தத் திட்டை மறுபடி திட்டச் சொன்னேன்.

ஒரு வருஷம் நூலகத்தில் இருந்தார். அதற்கடுத்த ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவை, நாளுக்கு ஒரே ஒரு பீரியட், அவருக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் நான் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவர் காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஆட்டோவில் இருந்து இறங்கியவரின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னாச்சுங்க?"

"பிள்ளைக... சிரிச்சாங்க."

"எதுக்கு?"

சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். நானும் அவசரப்படுத்தவில்லை. சாக் கேட்க நினைத்து சேர் கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை ஓடிப்போய் மூலையில் கிடந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து போட்டதாம். இவர் அதில் உட்கார்ந்தாராம். அப்புறம் எழுந்து, மேஜையில் இருந்த சாக்பீஸை எடுத்து, பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சொல்லையும் எழுதினாராம். எந்த எழுத்து வரைக்கும் ரெண்டும் ஒண்ணு, எங்கே பிரியுது என்று கேட்டாராம். கையைத் தூக்காத பிள்ளை இல்லையாம்.

"கஷ்டமா இருந்துச்சா, சிரிச்சப்ப?"

"மொதல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "பெறகு நானும் சிரிச்சேன்."

காபியைக் குடித்துவிட்டு மறுநாள் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றார். என்னையும் உட்காரச் சொன்னார். அன்றைக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகள் அப்படியே கிடந்தன.

இப்போதும் சொற்கள் வழுக்கத்தான் செய்கின்றன. களைத்துப் போன நாளில் அதிகம். ஒரு பிள்ளையின் அப்பா பள்ளிக்கு வந்து, பேசத் திணறுகிறவரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டும் போனார். மறுநாள் இவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். அகராதியில் நான் எஸ் எழுத்துக்கு வந்திருக்கிறேன், மிகவும் நீளமான எழுத்து அது. வருகிற ஜூனில் ஏழாம் வகுப்பையும் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறாராம். கொடுக்கவில்லை என்றால் அதற்கடுத்த ஜூனிலும் கேட்பார்.